வெட்டாமல் தொட்ட கோடு

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர்கள் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். சாப்பாடு முடிந்து துடைத்த மேசையிலேயே கிராஃப் ஷீட்டைப் பரப்பி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு மதிப்பெண் கணக்கு. ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்பதன் வரைபடத்தை வரைந்து, அதன் உதவியால் எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்.

வழக்கமான வழியில்தான் போனாள். எக்ஸுக்கு −1 முதல் 5 வரை மதிப்பு கொடுத்து அட்டவணை போட்டாள். ஒய் வரிசையில் 8, 3, 0, −1, 0, 3, 8 என்று வந்தன. புள்ளிகளைக் குறித்துக் கையாலேயே வளைத்து இணைத்தாள். கிண்ணத்தை நடுவில் அறுத்துப் பக்கவாட்டில் பார்த்ததுபோல ஒரு பரவளையம் கிடைத்தது. பிறகு முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தாள். மிஞ்சியது ஒய் = 2எக்ஸ் − 6 என்ற நேர்க்கோடு. அதற்கும் ஓர் அட்டவணை போட்டு, ஸ்கேல் வைத்து இழுத்தாள். இழுத்த கையோடு ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினாள்.

“ஏம்மா அழிக்கிற?”

“கோடு வெட்ட மாட்டேங்குது சித்தப்பா. சும்மா தொட்டுட்டுப் போகுது. எங்கயோ தப்பு விட்டுட்டேன்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். எங்கும் தப்பு இல்லை. கோடு (3, 0) என்ற ஒரே புள்ளியில் பரவளையத்தை உரசிவிட்டு அந்தப் பக்கம் போயிருந்தது. “சரியாத்தான் போட்டிருக்க. விடை 3. முழு மார்க்கும் கிடைக்கும்” என்றேன்.

“சரி, ஏன் தொடுது? போன கணக்குல ரெண்டு இடத்துல வெட்டுச்சே.”

இந்தக் கேள்வியை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஆனால் எட்டு மதிப்பெண்ணைவிடப் பெரிய கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல மூன்று விஷயங்கள் வேண்டும்: வரைபடம், சாய்வு, காரணிப்படுத்தல். நம் பாடநூலில் காரணிப்படுத்தலும் இருபடி வரைபடமும் இயற்கணிதம் என்ற இயலில் இருக்கின்றன. சாய்வு ஆயத்தொலை வடிவியல் என்ற வேறோர் இயலில் இருக்கிறது. வெவ்வேறு மாதங்களில் நடத்தி, வெவ்வேறு கேள்விகளாகத் தேர்வில் கேட்பதால், மூன்றும் வெவ்வேறு ஊர்க்காரர்கள் என்றே பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அவை ஒரே வீட்டில் பிறந்தவை. அதை அவளுக்குக் காட்ட அன்று இரவு பன்னிரண்டு மணி ஆனது.

முதலில் அந்த வளைவை எடுத்துக்கொண்டோம். அவள் கையால் வளைத்து இணைத்தது நல்ல வேலை. புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து இணைத்துவிடும் பிள்ளைகள் நிறையப் பேர். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஏன் தப்பு என்று கேட்டால் ‘பரவளையம் வளைவா இருக்கணும்’ என்பார்கள். காரணம் அதைவிட எளியது, சோதித்தும் பார்க்கலாம். எக்ஸ் 2 ஆகும்போது ஒய் −1. எக்ஸ் 3 ஆகும்போது ஒய் 0. இரண்டையும் ஸ்கேலால் இணைத்தால் நடுவில், அதாவது எக்ஸ் 2.5 ஆகும் இடத்தில், கோடு −0.5 உயரத்தில் போகும். சமன்பாட்டில் 2.5 போட்டுப் பாருங்கள்: 6.25 − 10 + 3 = −0.75. ஸ்கேல் போட்ட கோடு அங்கே பொய் சொல்கிறது. அட்டவணையில் இருக்கும் ஏழு புள்ளிகள் ஏழு சாட்சிகள் மட்டுமே. இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் எண்ணிலடங்காத புள்ளிகள் அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன.

இங்கேதான் பிள்ளைகள் மனத்தில் ஒரு பெரிய தாவல் நடக்க வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏழாம் எட்டாம் வகுப்பில் எக்ஸ் என்பது ஒளிந்திருக்கும் எண். ‘ஒரு எண்ணுடன் 5 கூட்டினால் 12, அந்த எண் எது?’ கண்டுபிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. வரைபடத்தில் வரும் எக்ஸ் அப்படி ஒளிந்துகொண்டிருப்பதில்லை. அது இடமிருந்து வலமாக நடந்துகொண்டே இருக்கிறது. அது நடக்க நடக்க ஒய் ஏறி இறங்குகிறது. அந்தப் பயணத்தின் தடம்தான் வளைவு. ஒளிந்திருக்கும் எண், நடக்கும் எண்ணாக மாறிய நொடி கணித வரலாற்றிலேயே பெரிய நொடி. அதை ஒரு பிள்ளை ஒரு பிற்பகல் பாடவேளையில் தாண்டிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

மனிதகுலத்துக்கு அதற்கு எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணைப்போல் பத்து மடங்கைச் சேர்த்தால் 39 வரும் என்ற கணக்கை ஒரு சதுரமும் அதன் ஓரங்களில் ஒட்டிய பட்டைகளுமாக வரைந்தே தீர்த்தார். விடுபட்ட மூலைகளை நிரப்ப 25 சேர்த்தால் மொத்தம் 64. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் 8, விடை 3. அழகான வழி. ஆனால் அந்தப் படத்தில் எதுவும் நகர்வதில்லை. சமன்பாடு நகர்ந்து வளைவாக மாற 1630கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது பிரான்சைச் சேர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் சாராமல் அதைச் செய்தார்கள். ஒருவர் ரெனே தெக்கார்த். 1637-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வெளியான அவருடைய நூலுக்குப் பின்னிணைப்பாக ‘வடிவியல்’ வந்தது. இன்னொருவர் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியேர் தெ ஃபெர்மா. அவருக்குக் கணிதம் தொழில் அன்று. ஓய்வு நேரத்தில் செய்து, நண்பர்களுக்குக் கடிதங்களாக அனுப்பியது. இரண்டு தெரியாத எண்கள் ஒரு சமன்பாட்டில் வந்தால் அது ஒரு கோட்டையோ வளைவையோ குறிக்கும் என்று விளக்கிய அவருடைய கையெழுத்துப்படி அதே காலத்தில் பாரிஸில் கைமாறிக்கொண்டிருந்தது. அச்சேறியது 1679-இல், அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அதனால்தான் ஆயத்தொலை வடிவியல் என்றதும் பிள்ளைகளுக்குத் தெக்கார்த்தின் பெயர் மட்டும் சொல்லப்படுகிறது. ஃபெர்மாவை மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் அவர் இன்னும் இரண்டு முறை வருவார்.

அடுத்தது சாய்வு. இதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் ஊட்டி ரயில். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி, உதகமண்டலத்தில் 2,203 மீட்டருக்குப் போய்ச் சேருகிறது. ஏற்றம் 1,877 மீட்டர். பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்தால் சுமார் 0.041. அதாவது சராசரியாக இருபத்துநான்கு மீட்டர் சொச்சம் போனால் ஒரு மீட்டர் ஏறுகிறது. அவ்வளவுதான் சாய்வு. ஏறியது எவ்வளவு, போனது எவ்வளவு, முன்னதைப் பின்னதால் வகு.

ஆனால் சராசரியை நம்பி அந்த ரயிலைக் கட்டியிருந்தால் அது கல்லாறோடு நின்றிருக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பாதை மலையோடு செங்குத்தாக ஏறுகிறது. அங்கே மிகச் செங்குத்தான இடங்களில் சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் போட்டு, எஞ்சினில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். குன்னூரைத் தாண்டியதும் அந்தப் பல் தண்டவாளம் தேவைப்படுவதில்லை. பயணம் முழுவதற்குமான சாய்வு ஒன்று; இந்த இடத்தில், இந்த நொடியில் சக்கரத்தின் கீழே இருக்கும் சாய்வு இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுப்போன கோட்டின் ரகசியத்தில் பாதி இதில் இருக்கிறது.

அதே பன்னிரண்டுக்கு ஒன்று என்ற எண்ணை உங்கள் ஊர்ப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சாய்தளம் அதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுக் கட்டட விதிகளில் இருக்கிறது. படிகளின் மொத்த உயரம் 30 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் குறைந்தது 3.6 மீட்டர் நீள வேண்டும். ஒன்றரை மீட்டரில் முடித்துவிட்ட சாய்தளங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு பிள்ளை தன் கையால் சக்கரத்தை உருட்டி ஏற முடியாது. பின்னால் யாராவது தள்ள வேண்டும். சாய்வுக் கணக்கு தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பள்ளியின் சாய்தளத்தை அளந்து வந்தால், அந்தப் பாடம் அவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

சாய்வு மேடு ஏறுவதற்கு மட்டுமானதும் அன்று. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இதை வரைந்தால் 1.8 வரை கோடு தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். பிறகு திடீரென்று எழுந்து ஒரே சாய்வில் ஏறும். அந்தச் சாய்வு 12, அதன் அலகு ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய். சாய்வுக்கு அலகு உண்டு என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு புள்ளிகளைக் கொடுத்துச் சூத்திரத்தில் போடச் சொல்கிறோம், ஒரு எண் வருகிறது, அதன் கீழே கோடு போட்டு முடிக்கிறோம். அந்த எண் ஏதோ ஒன்றுக்கு ஏதோ ஒன்று எவ்வளவு என்று சொல்கிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எத்தனை ரூபாய், நாளுக்கு எத்தனை சென்டிமீட்டர் நீர்மட்டம் என எல்லாமே சாய்வுதான்.

அவள் தாளில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. கிடை அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 1 அலகு, செங்குத்து அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 2 அலகு என்று அளவுத்திட்டம் எடுத்திருந்தாள். தாளில் இடம் பத்த வேண்டும் என்பதால் எல்லோரும் செய்வதுதான். அதனால் ஒய் = 2எக்ஸ் − 6 என்ற கோடு பார்வைக்கு 45 பாகையில் ஏறியது. “சாய்வு டேன் தீட்டான்னு படிச்சோம். டேன் 45 ஒன்றுதானே? இங்க சாய்வு 2-னு இருக்கே” என்றாள். நல்ல சந்தேகம். கண்ணுக்குத் தெரியும் கோணம் அளவுத்திட்டத்தைப் பொறுத்து மாறும். ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்த எண் மாறாது. செங்குத்து அச்சைச் சுருக்கியும் நீட்டியும் ஒரே தகவலை மலையாகவும் மேடாகவும் காட்டலாம். நாளிதழில் வரும் வரைபடங்களைப் பார்க்கும்போது அச்சில் எழுதிய எண்களை முதலில் படிக்கச் சொல்லி அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

கோட்டின் சாய்வு எங்கும் ஒன்றே. வளைவுக்கு அப்படி இல்லை. அட்டவணையை மறுபடியும் பாருங்கள்: 8, 3, 0, −1, 0, 3, 8. அடுத்தடுத்த எண்களுக்கு இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது? −5, −3, −1, 1, 3, 5. ஒற்றைப்படை எண்கள், ஒழுங்காக இரண்டிரண்டாகக் கூடுகின்றன. மேலிருந்து விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரத் துண்டுகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கிறது என்று கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் எழுதியது இதே ஒழுங்கைத்தான். தேர்வுக்கும் இது கைகொடுக்கும்: எக்ஸ் ஒவ்வொன்றாகக் கூடும் அட்டவணையில் இந்த வித்தியாசங்கள் சீராகக் கூடவில்லை என்றால் எங்கோ ஒரு மதிப்பு தவறு. புள்ளி வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இனி காரணிப்படுத்தல். பள்ளியில் பிள்ளைகள் அதிகம் சலித்துக்கொள்வது இதில்தான். பெருக்கினால் 3 வர வேண்டும், கூட்டினால் −4 வர வேண்டும், அந்த இரண்டு எண்கள் எவை? −1, −3. ஆகவே (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3). எண்கள் சட்டென்று பிடிபட்டால் மகிழ்ச்சி. பிடிபடாவிட்டால் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு தடவிக்கொண்டே இருப்பது. எதற்காக இதைச் செய்கிறோம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. விரித்து எழுதியதைச் சுருக்கி எழுது, அவ்வளவுதான் கட்டளை.

எதற்காக என்றால், பூச்சியத்துக்காக. இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே தீர வேண்டும். வேறு எந்த எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது. பெருக்கினால் 8 வந்தது என்றால் 2-உம் 4-உம் ஆக இருக்கலாம், 16-உம் அரையும் ஆக இருக்கலாம், ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) = 8 என்று கொடுத்தால் எக்ஸ் − 1 = 8 என்று எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். சமன்பாட்டின் ஒரு பக்கத்தைப் பூச்சியமாக்கிவிட்டுக் காரணிப்படுத்து என்ற விதி எதற்கு என்று புரியாததால் வரும் பிழை அது. உண்மையான விடைகள் அவள் அட்டவணையிலேயே இருக்கின்றன: ஒய் 8 ஆகும் இடங்கள் −1-உம் 5-உம்.

ஆக, (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்று எழுதிய மறுகணமே வளைவு கிடை அச்சில் எங்கே கால் வைக்கும் என்று தெரிந்துவிடுகிறது: 1-இல், 3-இல். வளைவு தன் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் அதன் அடிப்பகுதி அந்த இரண்டுக்கும் சரிநடுவில், 2-இல் இருக்கும். ஒரு புள்ளிகூட வைக்காமல் பாதிப் படம் தயார். என்னைக் கேட்டால், அட்டவணை போடுவதற்கு முன் காரணிப்படுத்தி, ‘வளைவு இங்கே இங்கே அச்சை வெட்டும், இங்கே திரும்பும்’ என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டு வரையச் சொல்வேன். சொன்னபடி வருகிறதா என்று பார்க்கும் ஆவல் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் கிராஃப் என்பது தண்டனையாக இருக்காது.

எண்கள் பிடிபடாமல் தடுமாறும் பிள்ளைகளுக்கு அந்த நடுப்புள்ளியே வழி காட்டும். வளைவு கால் வைக்கும் இரண்டு எண்களின் கூட்டல் 4, பெருக்கல் 3. கூட்டல் 4 என்றால் சராசரி 2. எனவே ஒன்று 2-க்கு ஏதோ ஒரு தொலைவு அந்தப் பக்கம், மற்றது அதே தொலைவு இந்தப் பக்கம். பெருக்கினால் 4-இலிருந்து அந்தத் தொலைவின் வர்க்கத்தைக் கழித்தது வரும். அது 3 ஆக வேண்டும். தொலைவு 1. எண்கள் 3, 1. தடவல் இல்லை, ஊகம் இல்லை. பெருக்கல் 3-க்குப் பதில் 1 என்று இருந்தாலும் கவலையில்லை. தொலைவு வர்க்கமூலம் 3, அவ்வளவுதான். ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் கூட்டலையும் பெருக்கலையும் கொடுத்து எண்களைக் கண்டுபிடித்தது பாதியை எடுத்துக்கொள்ளும் இந்த வழியில்தான். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ 2019-இல் இதை வகுப்பறைக்கு ஏற்றபடி எழுதி வெளியிட்டபோது உலகெங்கும் ஆசிரியர்கள் ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஃபெர்மா மறுபடி வருகிறார். 1643 வாக்கில் எழுதிய கடிதம் ஒன்றில் 2,02,76,51,281 என்ற எண்ணின் காரணிகளை அவர் கண்டுபிடித்துக் காட்டினார். 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தால் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் ஆகியிருக்கும். அவர் செய்தது வேறு. எந்த இரண்டு ஒற்றைப்படை எண்களின் பெருக்கலையும் ‘நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து தொலைவின் வர்க்கத்தைக் கழித்தது’ என்று எழுதலாம். எனவே அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 45,030-இல் தொடங்கினார். அதன் வர்க்கத்திலிருந்து கொடுத்த எண்ணைக் கழித்தால் மிச்சம் ஒரு முழு வர்க்கமா? இல்லை. 45,031? இல்லை. இப்படிப் பன்னிரண்டாவது முயற்சியில் 45,041-க்கு வந்தபோது மிச்சம் 10,40,400. அது 1,020-இன் வர்க்கம். நடு எண் 45,041, தொலைவு 1,020. ஆகவே காரணிகள் 46,061, 44,021. நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற முற்றொருமை செய்த வேலை இது.

இப்போது மேசைக்குத் திரும்புவோம். மணி பதினொன்று. மூன்றையும் அவள் தாளிலேயே ஒன்று சேர்த்தோம்.

பரவளையத்தின் மேல் (3, 0) என்ற புள்ளியில் நிற்கிறோம். வளைவின் மேல் இன்னொரு புள்ளியை எடுத்து இரண்டையும் ஸ்கேலால் இணைத்தால் அந்தக் கோட்டின் சாய்வு என்ன? ஏறியது (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3). போனது எக்ஸ் − 3. வகுத்தால் எக்ஸ் − 3 அடிபட்டு, எக்ஸ் − 1 மிஞ்சுகிறது. காரணிப்படுத்தியிருந்ததால்தான் அது அடிபட்டது. அவளே எண்களைப் போட்டாள். இன்னொரு புள்ளி 5-இல் இருந்தால் சாய்வு 4. புள்ளி 4-இல் என்றால் 3. புள்ளியை 3.5-க்குக் கொண்டுவந்தால் 2.5. 3.1 என்றால் 2.1. 3.01 என்றால் 2.01. இது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரைக்குமான சராசரிச் சாய்விலிருந்து, தூரத்தைக் குறைத்துக் குறைத்து, சக்கரத்தின் கீழே இருக்கும் சாய்வுக்கு வந்து சேரும் பயணம். வந்து சேரும் எண் 2. அவள் இழுத்த கோட்டின் சாய்வும் 2.

“நேரா 3-னு போட்டுட்டா?” என்றாள். போட்டால் ஏறியது பூச்சியம், போனது பூச்சியம்; பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. அதனால் 3-க்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, பொதுவான காரணியை அடித்துவிட்டு, பிறகுதான் போட வேண்டும். ஃபெர்மா வளைவுகளுக்குத் தொடுகோடு கண்டது ஏறக்குறைய இப்படித்தான். ஒரு சிறு நகர்வைச் சேர்த்தார், வித்தியாசத்தை எடுத்தார், அந்த நகர்வைப் பொதுக்காரணியாக வெளியே எடுத்து வகுத்தார், கடைசியில் நகர்வே இல்லை என்று விட்டுவிட்டார். வகுக்கும்போது இருந்த ஒன்றை வகுத்து முடித்ததும் இல்லை என்பது எப்படி நியாயம்? 1638-இல் இந்தத் தொடுகோட்டு முறையைப் பற்றித் தெக்கார்த்துக்கும் அவருக்கும் கடுமையான வாக்குவாதமே நடந்தது. எல்லை என்ற கருத்தைக் கணிதவியலாளர் கோஷி 1821-இல் வெளியிட்ட பாடநூலில் ஒழுங்குபடுத்தியபின்தான் அந்தச் சங்கடம் தெளியத் தொடங்கியது. இவளும் கணிதப் பிரிவு எடுத்தால் அடுத்த ஆண்டு அதைப் படிப்பாள். (எக்ஸ்² − 9)-ஐ (எக்ஸ் − 3)-ஆல் வகுக்கச் சொல்லும் கணக்குகள் அங்கே வரிசையாக வரும். அப்போது அது புதுப் பாடமாகத் தோன்றக் கூடாது என்பது என் ஆசை.

ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் நேரடியான பதில் ஒன்று இருக்கிறது. அதற்கு நுண்கணிதமும் வேண்டாம். வளைவுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு இடைவெளி என்று கழித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு அட்டவணைகளும் முன்னாலேயே இருந்தன. எக்ஸ் 0 ஆகும்போது வளைவு 3-இல், கோடு −6-இல்; இடைவெளி 9. எக்ஸ் 1-இல் 4. எக்ஸ் 2-இல் 1. எக்ஸ் 3-இல் 0. எக்ஸ் 4-இல் 1. எக்ஸ் 5-இல் 4. எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாம் வர்க்கம்.”

ஆம், எல்லாம் வர்க்கம். தீர்க்கச் சொன்ன சமன்பாடு எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0. அதன் இடப்பக்கம்தான் அந்த இடைவெளி. காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 3)². ஒரு எண்ணின் வர்க்கம் ஒருநாளும் குறை எண் ஆகாது. எனவே கோட்டுக்குக் கீழே போக வளைவுக்கு அனுமதியே இல்லை. வெட்ட வேண்டும் என்றால் கீழே போயாக வேண்டும். முடியாது, 3-இல் வந்து தொட்டுவிட்டு மேலேயே திரும்பிவிட வேண்டும். தெக்கார்த் 1637-இல் தன் வடிவியல் நூலில் பிடித்துக்கொண்ட உண்மையும் இதுவே. அவர் கோட்டுக்குப் பதிலாக வட்டத்தை எடுத்துக்கொண்டார். வட்டம் வளைவைத் தொடும் இடத்தில் சமன்பாட்டின் இரண்டு மூலங்கள் ஒன்றாகிவிடும் என்பதைக் கொண்டு, வளைவுக்குச் செங்குத்தாகப் போகும் கோட்டைக் கண்டுபிடித்தார். தொடுதல் என்றால் இரட்டை மூலம். ‘மூலங்கள் மெய், சமம்’ என்று தன்மைகாட்டியைக் கணக்கிட்டுப் பிள்ளைகள் எழுதும் வரி, படத்தில் இப்படித்தான் இருக்கும்.

அழித்த இடத்தில் கோட்டை மறுபடி இழுத்தாள். ஆனால் அதோடு விடவில்லை. “வேற சாய்வுல இழுத்தா வெட்டுமா?” என்றாள். (3, 0) வழியாகப் போகும் எந்தக் கோட்டையும் ‘சாய்வு பெருக்கல் (எக்ஸ் − 3)’ என்று எழுதலாம். அதை வளைவோடு சமப்படுத்தினால் (எக்ஸ் − 3) பொதுக்காரணியாக வெளியே வந்துவிடுகிறது. மிஞ்சுவது, எக்ஸ் − 1 = சாய்வு. அதாவது இரண்டாவது வெட்டும் புள்ளி சாய்வோடு ஒன்று கூட்டிய இடத்தில் இருக்கும். சாய்வு 4 என்றால் 5-இல். சாய்வு 3 என்றால் 4-இல். சாய்வு 2 என்றால் 3-இல், அதாவது நாம் நிற்கும் இடத்திலேயே.

காகிதத்தில் எழுதியதை அவள் முழுதாக நம்பவில்லை என்று நினைக்கிறேன். பென்சில் முனையை (3, 0)-இல் அழுத்திப் பிடித்து, ஸ்கேலை அதில் சாய்த்து, மெல்லச் சுற்ற ஆரம்பித்தாள். செங்குத்தாக நின்ற ஸ்கேல் இறங்க இறங்க, அதன் விளிம்பு வளைவை வெட்டும் இடம் 5-இலிருந்து 4-க்கு வழுக்கி வந்தது. 4-லிருந்து மெதுவாக இன்னும் உள்ளே. ஓரிடத்தில் இரண்டு புள்ளிகளும் பென்சில் முனைக்கு அடியில் ஒன்றாகிவிட்டன. அங்கே நிறுத்தி, குனிந்து, ஸ்கேலின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். வெட்டும் புள்ளி 3-ஐத் தாண்டி இந்தப் பக்கம், 2-க்கு வந்துவிட்டது.